வலி மாத்திரை: விலை சிறிது, கணக்கு பெரிது

விக்ரோலியில் உடம்பு வலிக்குப் பஞ்சமில்லை. ரயில் பாதைக்குக் கிழக்கே கோத்ரெஜ் நிறுவனத்தின் பிரோஜ்ஷா நகர்; சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலுக்காக லட்சக்கணக்கில் வாக்குப்பெட்டிகளைத் தட்டித் தந்த இடம். மேற்கே மலைச் சரிவில் பார்க்சைட்டும் சூர்யா நகரும். லேத் மெஷின் முன்னால் எட்டு மணி நேரம் நிற்பவர், தண்ணீர்க் குடத்தோடு படியேறும் பெண்மணி, ஸ்லோ லோக்கலில் தொங்கிக் கொண்டு மஸ்ஜித் பந்தர் வரை போய் மூட்டை தூக்குபவர் என்று எல்லோருக்கும் இடுப்போ முட்டியோ ஏதோ ஒன்று சொல் பேச்சு கேட்காமல் இருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்த வைத்தியமும் ஒன்றுதான். நாக்காவில் இருக்கும் மெடிக்கலுக்குப் போய் 'தர்த் கா கோலி' என்று பம்பாய் இந்தியில் கேட்டால் போதும். அட்டையிலிருந்து கத்தரிக்கோலால் இரண்டு மாத்திரைகளை நறுக்கிக் கொடுத்து விடுவார்கள். டாக்டர் சீட்டு எங்கே என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை.

அந்தக் கத்தரிக்கோல் மாத்திரையை மட்டும் நறுக்குவதில்லை. மருந்தின் பெயர், அளவு, காலாவதித் தேதி, டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று சொல்லும் சிவப்புக் கோடு எல்லாம் கடைக்காரரிடமே தங்கி விடுகின்றன. கைக்கு வருவது பெயரில்லாத ஒரு வில்லை. நாலு நாள் கழித்து வயிற்றில் எரிச்சல் என்றோ, கால் வீங்குகிறது என்றோ டாக்டரிடம் போனால், "என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள்?" என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதில், "வெள்ளையாக, சின்னதாக இருந்தது."

அந்த வெள்ளை மாத்திரை பெரும்பாலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. வலியோடு வீக்கத்தையும் குறைக்கும் மருந்துகள் அவை. ஆஸ்பிரின் இதில் மூத்தது. 1897இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் அதைத் தயாரித்து 1899இல் சந்தைக்குக் கொண்டு வந்தது. பிரிட்டனின் பூட்ஸ் கம்பெனியில் ஸ்டூவர்ட் ஆடம்ஸ் குழு கண்டுபிடித்த ஐபுப்ரோஃபென் 1969இல் வந்தது. ஸ்விட்சர்லாந்தின் சீபா-கெய்கி உருவாக்கிய டைக்ளோஃபினாக் 1974இல் ஜப்பானில் முதலில் விற்பனைக்கு வந்தது. நாப்ராக்சன், அசெக்ளோஃபினாக், மெஃபனமிக் ஆசிட், நிமசுலைட், எடோரிகாக்சிப் எல்லாம் இவற்றின் தம்பி, தங்கைகள். புரூஃபென், வோவெரான், ஜீரோடால், மெஃப்டால், நைஸ் என்று கடையில் வழங்கும் பெயர்கள் இந்த வீட்டுப் பிள்ளைகளுடையவை. குரோசின், டோலோ பெயர்களில் வரும் பாராசிட்டமால் மட்டும் வேறு வீடு. அது வலியையும் ஜுரத்தையும் குறைக்கும். வீக்கத்தை அவ்வளவாகத் தொடாது.

இந்த மருந்துகள் எப்படி வேலை செய்கின்றன என்பது ஆஸ்பிரின் வந்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் யாருக்கும் தெரியாமல் இருந்தது. லண்டனில் ஜான் வேன் 1971இல் முடிச்சை அவிழ்த்தார். 1982இல் அதற்காக நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அடிபட்ட இடத்தில் உடம்பு ப்ராஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனத்தைச் சுரக்கிறது. வலியையும் வீக்கத்தையும் தூண்டுவது அது. மாத்திரை அந்தச் சுரப்பைத் தடுக்கிறது. சிக்கல் எங்கே என்றால், இதே ப்ராஸ்டாகிளாண்டினுக்கு உடம்பில் நல்ல வேலைகளும் உண்டு. இரைப்பையின் உள்சுவரை அமிலம் அரிக்காமல் காப்பது ஒன்று. உடம்பில் நீர் வற்றும்போது சிறுநீரகத்துக்குள் ரத்தம் நுழையும் குழாயை விரித்து வைப்பது இன்னொன்று. மாத்திரைக்கு முட்டியில் இருப்பது, வயிற்றில் இருப்பது என்று பாகுபாடு தெரியாது. முட்டி வலி குறைகிறது. வயிற்றின் காவலும் சிறுநீரகத்தின் காவலும் சேர்ந்தே குறைகின்றன.

வயிற்றை விட்டு விட்டு வலியை மட்டும் பிடிக்கும் மாத்திரை கிடைக்காதா என்று தேடினார்கள். ப்ராஸ்டாகிளாண்டினைத் தயாரிக்கும் நொதி ஒன்றல்ல, இரண்டு என்று 1990களின் தொடக்கத்தில் தெரிய வந்ததும் நம்பிக்கை பிறந்தது. வீக்கத்தோடு தொடர்புள்ள இரண்டாவதை மட்டும் தடுக்கும் மருந்துகள் அந்தப் பத்தாண்டின் முடிவில் வந்தன. அவற்றில் ஒன்று அமெரிக்காவின் மெர்க் கம்பெனி 1999இல் வெளியிட்ட ரோஃபெகாக்சிப். உலகம் முழுவதும் சுமார் 8 கோடிப் பேர் சாப்பிட்டார்கள். பெருங்குடல் கட்டிகளைத் தடுக்குமா என்று பார்க்க நடந்த ஓர் ஆய்வில், பதினெட்டு மாதத்துக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் ஏறக்குறைய இரு மடங்கு வருவது தெரிந்தது. 2004 செப்டம்பர் 30 அன்று மெர்க் மருந்தைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு டிசம்பரில் இந்தியா தடை செய்தது. அடுத்த ஆண்டு அதன் உறவான வால்டெகாக்சிப்பும் போனது.

அப்போது பலரும் புதிய மருந்துகளைத்தான் குற்றம் சொன்னார்கள். பழைய மருந்துகளைக் கிளறிப் பார்த்தபோது அவையும் முழு நிரபராதிகள் அல்ல என்று தெரிந்தது. லான்செட் இதழில் 2013இல் வந்த பெரிய தொகுப்பாய்வு ஒரு கணக்குச் சொன்னது. இதய நோய் வரும் வாய்ப்பு ஓரளவு உள்ள 1,000 பேர் ஓராண்டு முழுக்க டைக்ளோஃபினாக்கை நாளுக்கு 150 மில்லிகிராம், அல்லது ஐபுப்ரோஃபெனை 2,400 மில்லிகிராம் சாப்பிட்டால், கூடுதலாக சுமார் மூன்று பேருக்கு மாரடைப்பு போன்ற பெரிய பாதிப்பு வரும். அதில் ஒருவர் இறப்பார். நாப்ராக்சனில் அப்படி இதய ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை. வயிற்றைப் புண்ணாக்குவதில் அது சளைத்ததல்ல. அதே ஆண்டு ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இதய நோயாளிகளுக்கு டைக்ளோஃபினாக் கூடாது என்றது. மும்பையின் மெடிக்கல்களில் இடுப்பு வலி என்றதும் நீளும் மருந்து இன்றும் பெரும்பாலும் டைக்ளோஃபினாக்தான், அல்லது உடம்புக்குள் போய் ஓரளவு அதுவாகவே மாறும் அசெக்ளோஃபினாக்தான்.

ஆயிரத்தில் மூன்று என்பது பயந்து ஓட வேண்டிய எண் அல்ல. சுளுக்குக்கு மூன்று நாள் மாத்திரை சாப்பிட்ட இளைஞருக்கு இது அநேகமாகப் பொருந்தாது. ஆனால் பி.பி.க்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடும் அறுபது வயதுக்காரர் முட்டி வலிக்காக வருஷக் கணக்கில் தினமும் இரண்டு போட்டுக் கொள்ளும்போது, அந்தக் கணக்கு அவரைப் பற்றியதுதான்.

நிமசுலைட்டின் கதை தனி. 1985இல் இத்தாலியில் விற்பனைக்கு வந்த இந்த மருந்தை அமெரிக்கா ஒருபோதும் அனுமதிக்கவில்லை. ஈரலைப் பாதித்ததாகப் புகார் வந்ததும் 2002இல் பின்லாந்தும் ஸ்பெயினும் விற்பனையை நிறுத்தின. 2007இல் அயர்லாந்தும் நிறுத்தியது. இந்தியாவில் அது குழந்தைகளின் ஜுரத்துக்கான சிரப்பாகவே வீடு வீடாகப் புழங்கியது. 12 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கக்கூடாது என்று 2011 பிப்ரவரியில்தான் தடை வந்தது. வீட்டு அலமாரியில் பழைய வழக்கப்படி 'ஜுர மருந்து' என்று ஒன்று இருந்தால், அது எது என்று பெயரைப் படித்துப் பார்ப்பது நல்லது.

இந்தக் குடும்பத்து மருந்தின் வீரியத்தை உலகம் கண்ணால் பார்த்தது மனிதர்களிடம் அல்ல, பறவைகளிடம். மும்பையின் மலபார் ஹில்லில் பார்ஸிகளின் அமைதிக் கோபுரங்கள் இருக்கின்றன. அங்கே இறந்தவர்களின் உடலைப் பிணந்தின்னிக் கழுகுகளுக்கு விடுவது வழக்கம். 1990களில் கழுகுகள் வருவது நின்றது. சூரிய ஒளியைக் குவிக்கும் கருவிகளை வைக்க வேண்டியதாயிற்று. நாடு முழுவதும் இதே கதை. மும்பையைத் தலைமையகமாகக் கொண்ட பாம்பே நேச்சுரல் ஹிஸ்டரி சொசைட்டியின் விஞ்ஞானி விபு பிரகாஷ், ராஜஸ்தானின் பரத்பூரில் கழுகுகள் கழுத்துத் தொங்கிச் சாவதைப் பதிவு செய்தார். 1992க்கும் 2007க்கும் இடையே வெண்முதுகுக் கழுகு இனம் இந்தியாவில் 99 சதவிகிதத்துக்கு மேல் அழிந்தது.

காரணம் 2004 ஜனவரியில் நேச்சர் இதழில் வெளியானது: டைக்ளோஃபினாக். மாட்டின் கால் வலிக்குப் போட்ட ஊசி, மாடு செத்த பின் சதையில் மிச்சமிருந்து, தின்ற கழுகின் சிறுநீரகத்தை நிறுத்தியது. அறுத்துப் பார்த்தால் உள்ளுறுப்புகள் மேல் சுண்ணாம்பு பூசினாற்போல் யூரிக் அமிலம் படிந்திருந்தது. கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் கொடுப்பதை 2006இல் அரசு தடை செய்தது. மனிதர்களுக்கான பெரிய குப்பிகளை மாட்டுக்குப் போட ஆரம்பித்ததும், 2015இல் குப்பியின் அளவை ஒரு வேளைக்கான 3 மில்லிக்கு மேல் போகக்கூடாது என்றது. 2023இல் கால்நடைகளுக்கு அசெக்ளோஃபினாக்கும் கீட்டோப்ரோஃபெனும் தடையாயின. கழுகுக்கு ஆபத்தில்லாத மெலாக்சிகாம் மாற்றாக வந்தது.

மனிதரின் சிறுநீரகம் கழுகினுடையதைப் போல அவ்வளவு நொய்தல்ல. ஒரு மாத்திரையில் யாரும் விழுந்து விடுவதில்லை. ஆனால் மனிதரிடமும் அடி விழுவது அதே உறுப்பில்தான். சில நிலைமைகளில் அந்த அடி பலமாகவே விழுகிறது. ரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரில் அல்லது டெல்மிசார்ட்டான் வகை மாத்திரை, நீர் பிரிய ஒரு மாத்திரை, இவற்றோடு வலி மாத்திரை என்று மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குள் போகும் ரத்தம் மூன்று பக்கமும் அடைபடுகிறது. ஏப்ரல், மே வெயிலில் கொதிக்கும் பட்டறையில் வேர்த்துக் கொட்டுகிறவர், பேதியாகி நீர் வற்றியவர், ரம்ஜான் நோன்பிலோ விரதத்திலோ தண்ணீர் குடிக்காமல் இருப்பவர் இந்த மாத்திரையை அந்த நேரத்தில் தொடாமல் இருப்பது உத்தமம்.

மும்பைக்கே உரிய ஆபத்து மழைக்காலத்தில் இருக்கிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. வெள்ளம் வடிந்த பின் லெப்டோஸ்பைரோசிஸ், அதாவது எலிக் காய்ச்சல், பரவியது. தேங்கிய நீரில் எலியின் சிறுநீர் கலந்து, காலில் இருக்கும் சின்னக் கீறல் வழியாக உள்ளே போகும் கிருமி இது. இதன் அடையாளமே ஜுரத்தோடு கெண்டைக்கால் சதையில் பிடுங்குகிற வலி. மழையில் நடந்த அசதி என்று நினைத்து வலி மாத்திரை போடுகிறார்கள். கிருமி ஏற்கெனவே சிறுநீரகத்தையும் ஈரலையும் தாக்கிக் கொண்டிருக்க, மாத்திரையும் அதோடு சேர்ந்து கொள்கிறது. வலி அடங்குவதால் ஆஸ்பத்திரிக்குப் போவதும் இரண்டு நாள் தள்ளிப் போகிறது. டெங்குவிலும் இப்படித்தான். ரத்தத் தட்டணுக்கள் குறையும் நேரத்தில் ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும் டைக்ளோஃபினாக்கும் ரத்தக் கசிவைத் தூண்டும். எனவே மழைக்காலத்தில் ஜுரத்தோடு வரும் உடம்பு வலிக்கு, காரணம் தெரியும் வரை பாராசிட்டமால் மட்டும். தேங்கிய நீரில் நடந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லி விட வேண்டும். அந்த ஒரு வார்த்தை சிகிச்சையையே மாற்றும்.

சரி, எந்த வலிக்கு எது? முதல் கேள்வி மாத்திரை வேண்டுமா என்பதே. சுளுக்கு, அடி என்றால் முதல் இரண்டு நாள் ஐஸ் ஒத்தடமும் ஓய்வும் பாதி வேலையைச் செய்யும். முட்டி, மணிக்கட்டு போலத் தோலுக்கு அருகில் இருக்கும் மூட்டுக்கு டைக்ளோஃபினாக் ஜெல் தடவலாம். மருந்து ரத்தத்தில் சேர்வது சொற்பம் என்பதால் வயிறும் இதயமும் பெரும்பாலும் தப்பிக்கின்றன. முட்டித் தேய்மானத்துக்கு முதலில் ஜெல்தான் என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதலே சொல்கிறது. தலைவலி, பல்வலி, ஜுரம் என்றால் பாராசிட்டமால் 500 அல்லது 650. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4,000 மில்லிகிராம் உச்ச வரம்பு. குடிப்பழக்கம் உள்ளவர்களும் மெலிந்தவர்களும் ஈரல் கோளாறு உள்ளவர்களும் அதில் பாதியோடு நிறுத்துவது நல்லது.

வீக்கத்தோடு வரும் வலி, மாதவிடாய் வலி, பல் பிடுங்கிய பின் வரும் வலி ஆகியவற்றில் ஐபுப்ரோஃபென் நன்றாகவே கேட்கும். வேறு நோயில்லாதவர் 400 மில்லிகிராம் மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் எட்டு மணிக்கு ஒன்றாக, நாளுக்கு மூன்றுக்கு மேற்படாமல், மூன்று அல்லது நான்கு நாள் சாப்பிடலாம். அதற்குள் அடங்காத வலி, மாத்திரையை மாற்றச் சொல்லவில்லை. டாக்டரைப் பார்க்கச் சொல்கிறது. முன்பு வயிற்றுப் புண் வந்தவருக்கு ஒரு மருந்து, இதயக் கோளாறு உள்ளவருக்கு வேறு மருந்து, சிறுநீரகம் பழுதானவருக்கு இந்தக் குடும்பமே வேண்டாம் என்று பிரித்துப் பார்ப்பது டாக்டரின் வேலை. மெடிக்கலில் அந்தக் கணக்கு யாரும் போடுவதில்லை.

தாமாக வாங்கிச் சாப்பிடவே கூடாதவர்கள் பட்டியல் சின்னதல்ல. வயிற்றுப் புண்ணோ ரத்த வாந்தியோ முன்பு வந்தவர்கள், மாரடைப்பு வந்தவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், வார்ஃபரின், க்ளோபிடோக்ரெல் போன்று ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள், முன்பு இந்த மாத்திரையால் இழுப்பு வந்த ஆஸ்துமாக்காரர்கள். கர்ப்பிணிகள் இருபதாவது வாரத்துக்குப் பிறகு இவற்றைத் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் எச்சரித்தது. இதயத்துக்காகத் தினமும் சின்ன ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் ஐபுப்ரோஃபெனை அதற்கு முன்னால் போட்டுக் கொண்டால், ஆஸ்பிரினின் காவல் வேலையே கெட்டு விடலாம். ஜுரமுள்ள குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கூடாது.

நம்மூரில் இன்னொரு குழப்பம், கூட்டு மாத்திரைகள். காம்பிஃப்ளாமில் ஐபுப்ரோஃபென் 400, பாராசிட்டமால் 325 இரண்டும் உண்டு. இடுப்புக்கு அதையும் ஜுரத்துக்குத் தனியாகப் பாராசிட்டமாலையும் போட்டால் ஒரே மருந்து இரு முறை உள்ளே போகிறது. பல் டாக்டர் ஒரு பெயரிலும் எலும்பு டாக்டர் இன்னொரு பெயரிலும் ஒரே குடும்பத்து மருந்தை எழுதித் தருவதும் உண்டு. பெயர் மாறினால் பலன் கூடாது, புண்தான் கூடும். பயனில்லாத கலவைகளை அரசு விரட்டிக் கொண்டே இருக்கிறது. 2016 மார்ச்சில் 344 கூட்டு மருந்துகளைத் தடை செய்தது. வழக்குகளுக்குப் பின் 2018இல் 328ஆக மீண்டும் தடை வந்தது. 2023இல் நிமசுலைட்டும் பாராசிட்டமாலும் சேர்ந்த கரையும் மாத்திரை உள்பட 14 கலவைகள், 2024 ஆகஸ்டில் 156 கலவைகள் என்று பட்டியல் நீள்கிறது. ஒரு வலிக்கு ஒரு மருந்து என்பதே பாதுகாப்பான கணக்கு.

சில நம்பிக்கைகளையும் விட்டுவிட வேண்டியிருக்கிறது. ஊசியாகப் போட்டால் வயிறு தப்பும் என்பது அவற்றில் ஒன்று. மருந்து ரத்தம் வழியாகவே இரைப்பையின் காவலைக் கலைக்கிறது. வாய் வழி போனாலும் இடுப்பு வழி போனாலும் முடிவு ஒன்றே. 'கேஸ் மாத்திரை' சேர்த்துப் போட்டால் எல்லாம் சரி என்பது இன்னொன்று. பான்டாப்ரசோல் வயிற்றை ஓரளவு காக்கும். சிறுநீரகத்தையும் இதயத்தையும் அது கண்டு கொள்ளாது. பெயர், விவரம் இல்லாத பொட்டலத்தில் வரும் 'மூலிகை' முட்டிவலி மருந்து ஒரே நாளில் அற்புதம் செய்தால் சந்தேகப்பட வேண்டும். அப்படிப்பட்டவற்றில் ஸ்டீராய்டும் டைக்ளோஃபினாக்கும் கலந்திருந்தது பரிசோதனைகளில் பிடிபட்டிருக்கிறது.

மலம் தார் போலக் கறுப்பாகப் போனால், காபித் தூள் கலந்தது போல வாந்தி வந்தால், சிறுநீர் குறைந்து முகமும் காலும் வீங்கினால், மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், உடம்பில் தடிப்போடு ஜுரம் வந்தால் மாத்திரையை நிறுத்தி விட்டு, காட்கோபரின் ராஜாவாடியோ சயானோ, அருகில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு அன்றே போக வேண்டும். கடைசியாகச் சொன்ன தடிப்பு அலட்சியப்படுத்தக் கூடியதல்ல. மாதவிடாய் வலிக்குப் பரவலாகப் புழங்கும் மெஃபனமிக் ஆசிட் அபூர்வமாக அப்படியொரு கடும் ஒவ்வாமையை உண்டாக்குவதாக இந்திய மருந்தியல் ஆணையம் 2023 நவம்பரில் எச்சரித்திருக்கிறது.

மாதக் கணக்கில் இந்த மாத்திரை சாப்பிட்டே ஆக வேண்டியவர்களும் இருக்கிறார்கள். முடக்குவாதம் வந்தவர்களுக்கு இது இல்லாமல் விடியாது. அவர்கள் பயந்து நிறுத்த வேண்டியதில்லை. சில மாதத்துக்கொரு முறை ரத்தத்தில் கிரியாட்டினின், கூடவே பி.பி., ஹீமோகுளோபின் பார்த்துக் கொண்டால் சேதம் முற்றும் முன்பே தெரிந்து விடும். அதைச் செய்யாமல் விட்டவர்களில் சிலரின் சிறுநீரகம் சத்தமில்லாமல் கரைகிறது. அது பாதிக்கு மேல் போகும் வரை உடம்பு ஒன்றும் சொல்வதில்லை.

அதற்குப் பிறகு டயாலிசிஸ்தான்: வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம். தினக் கூலிக்காரருக்கு அது வாரத்தில் பாதிச் சம்பளம். ஒரு நாள் வேலைக்கு லீவு போடக் கூடாது என்பதற்காக மாத்திரையை விழுங்கியவரால் அதைத் தாங்க முடியாது. மெடிக்கலில் மாத்திரையை வாங்கும்போது முழு அட்டையாக, பில்லோடு, பெயரைப் படித்துச் சொல்லச் சொல்லி வாங்குவதற்குக் கூடுதலாக ஆவது சில ரூபாயும் இரண்டு நிமிஷமும்தான்.